ஆர்டி 350க்கு எந்தச் சேம்பர்? உள்ளூர்க் கைவேலையா, வெளிநாட்டுக் குழாயா, பழைய சைலன்சரேவா?

கோவை ஹெச்டி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1984 ராஜ்தூத் ஆர்டி 350, இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஹை டார்க் (பவர் கூடிய மாடல்). பெயிண்ட், ஒயரிங், வீல் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சின் முந்தைய ஓனர் காலத்தில் ரீபோர் ஆனது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது சிக்கல் சைலன்சரில்தான். வலது பக்கம் அடித்தையலைத் துரு தின்று ஓட்டை விழுந்துவிட்டது. இடதும் அதிக நாள் தாங்காது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பதால் சேம்பர் (நடுவில் விரிந்து பின்னால் குறுகும் எக்ஸாஸ்ட் குழாய்) போடலாமா என்று ஆசை வந்துவிட்டது. ஸ்டாக் (கம்பெனி ஒரிஜினல்) மாதிரியே செய்த புது சைலன்சர் ஜோடி கிடைக்கிறது. இங்கேயே ஒருவர் கையால் சுருட்டி வெல்டு செய்து சேம்பர் தருகிறார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் வழி உண்டு, ஆனால் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் கையைக் கடிக்கும்.

ஓட்டுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, பாலக்காடு ரோடு. எப்போதாவது ஊட்டி. ரேஸ் எதுவும் கிடையாது. எங்கள் தெருவில் வீடுகள் நெருக்கம், அதனால் ஊரைக் கூட்டும் சத்தமும் வேண்டாம். என்ன போடலாம்?

கிக்ஸ்டார்ட்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணா? சேம்பர் போடுங்கள். ஆர்டியில் சேம்பர் இல்லாமல் ஓட்டுவதற்குப் பேசாமல் ஸ்கூட்டர் வாங்கலாம். 5,000 ஆர்பிஎம் (எஞ்சினின் நிமிடச் சுற்று) தாண்டியதும் அது இழுக்கும் இழுப்பு இருக்கிறதே, ஒருமுறை ஓட்டிவிட்டால் திரும்ப ஸ்டாக்குக்குப் போகவே மாட்டீர்கள்.

லேத்துப்பட்டறை

தம்பி, சேம்பரை அப்புறம் பார்க்கலாம். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் இரு முனையிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியதா? பிளாக்கில், அதாவது சிலிண்டரில், யாராவது போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்) வேலை செய்திருக்கிறார்களா? இரண்டு பிளாக்கும் ஒரே ஜோடியா? ராஜ்தூத்தில் ஹை டார்க் 30.5 குதிரைத்திறன், லோ டார்க் 27. இரண்டின் பாகங்களும் இத்தனை வருடத்தில் கலந்து போய்விட்டன. டேங்கிலும் ஆர்.சி. புக்கிலும் என்ன இருந்தாலும் சரி, பிளாக்கைக் கழற்றிப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

சீலை ஏன் கேட்கிறேன் என்றால், டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ்தான் பம்ப். இடது பக்கச் சீல் போனால் காற்றை உறிஞ்சும், அந்தப் பக்க சிலிண்டருக்குப் பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். ஸ்டாக் சைலன்சரோடு மெதுவாக ஓட்டும்வரை அது தெரியாது. சேம்பர் போட்டு முழுத் திராட்டிலில் விட்டால் இடது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழி சேம்பருக்குப் போகும். வலது பக்கச் சீல் போனால் வேறு கதை. கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாக விடும். எண்ணெய் அளவு குறைந்துகொண்டே வந்தால் அதுதான் காரணம்.

எக்ஸாஸ்டையும் கார்புரேட்டர் பக்கத்தையும் அடைத்துவிட்டு உள்ளே 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். ஆறு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். சைக்கிள் பம்பும் ஒரு சின்ன கேஜும் போதும். அது நிற்காதவரை எந்தக் குழாய்க்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஆர்எக்ஸ் பிரியன்

ஆர்டி இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஆர்எக்ஸ் 135. சேம்பர் வாங்க வசதியில்லாமல், சைலன்சரை வெட்டி உள்ளே இருக்கும் பிளேட்டையும் பைப்பையும் எடுத்துவிட்டால் அதே எஃபெக்ட் வரும் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

அலைநீளம்

வராது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஆர்டிக்காரருக்கும் இதுதான் அடிப்படை.

டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்டுக்கு வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது போர்ட் திறக்கிறது, ஏறும்போது மூடுகிறது. கீழே இருந்து புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்தே இருக்கிறது. போதாததற்கு, புதுக் கலவை வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட் மூடிய பிறகும் எக்ஸாஸ்ட் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் அந்த வழியாக நேரே வெளியே ஓடுகிறது. அதைத் திருப்பி உள்ளே தள்ளுவதுதான் சேம்பரின் வேலை.

போர்ட் திறந்த கணத்தில் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் கிளம்புகிறது. குழாய் விரிந்துகொண்டே போகும் முன்கூம்பை அது அடையும்போது, அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை சிலிண்டரை நோக்கித் திரும்பும். அது மீதிப் புகையை வெளியே இழுப்பதோடு புதுக் கலவையையும் கொஞ்சம் பெண்ட் பைப் (போர்ட்டை ஒட்டிய வளைவுக் குழாய்) வரை இழுத்துவிடும். மூல அலை மேற்கொண்டு போய், குறுகும் பின்கூம்பில் மோதுகிறது. அங்கிருந்து திரும்புவது தள்ளும் அலை. போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பு அது சரியாக வந்து சேர்ந்தால், வெளியே போன கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் திணித்துவிடும். கிக்ஸ்டார்ட் சொன்ன இழுப்பு இதுதான்.

ஆனால் அலையின் வேகம் ஏறக்குறைய மாறாதது, எஞ்சின் வேகமோ மாறிக்கொண்டே இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் தள்ளும் அலை சீக்கிரமே வந்துவிடுகிறது. அது தள்ளி முடித்த பிறகும் போர்ட் திறந்திருப்பதால் கலவை மறுபடி வெளியே ஓடிவிடும். ஆர்பிஎம் மிக ஏறினால் அலை வரும்போது போர்ட் மூடியிருக்கும். ஆக, எந்தக் குழாயும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வட்டத்தில்தான் கைகொடுக்கும். அந்த வட்டம் எங்கே என்பதை முதலில் தீர்மானிப்பது நீளம்.

நீளத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும் கிராங்க் பாகையை 4320ஆல் பெருக்கி, உங்களுக்கு எந்த ஆர்பிஎம்மில் உச்சம் வேண்டுமோ அதால் வகுத்தால், சென்டிமீட்டரில் நீளம் கிடைக்கும். சூடான புகையில் ஒலி வினாடிக்கு 518 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டது இந்தக் கணக்கு. அளவு பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பின் நடுப்பகுதி வரை. உதாரணத்துக்கு 180 பாகை, 8,000 ஆர்பிஎம் என்றால் சுமார் 97 செ.மீ. அதே போர்ட்டுக்கு உச்சத்தை 7,000க்கு இறக்கினால் 111 செ.மீ. ஆயிரம் ஆர்பிஎம் வித்தியாசத்துக்கு ஒரு சாணுக்கும் குறைவான நீளம்தான் மாறுகிறது. பட்டறையில் "கண்ணளவு போதும்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது ஆர்எக்ஸ் பிரியனுக்கு: உங்கள் ஸ்டாக் சைலன்சரும் வெறும் டப்பா இல்லை. வெளியே உருளையாகத் தெரிந்தாலும், உள்ளே விரிவதும் குறுகுவதும் கணக்குப் போட்டு வைத்ததுதான். அதை வெட்டி எடுத்தால் திரும்பி வரும் தள்ளும் அலை போய்விடும். சத்தம் இரண்டு மடங்கு கூடியதும் வண்டி பறப்பதாகத் தோன்றும். பக்கத்தில் ஒரு நல்ல ஸ்டாக் ஆர்எக்ஸை ஓடவிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். உள்ளே கரி அடைத்திருந்தால் அதைச் சுத்தம் செய்யுங்கள், பாதி "பிக்கப் இல்லை" புகார் அதிலேயே தீரும்.

ஆர்எக்ஸ் பிரியன்

நல்ல வேளை கேட்டேன். நன்றி சார். வெட்டவில்லை.

சோழவரம் பழசு

அலைநீளம் சொன்னதோடு கொஞ்சம் வரலாறும் சேர்த்துக்கொள்கிறேன், இளைஞர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தையைக் கரை கண்டவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோப்பாவ் என்ற ஊரில் எம்இசட் கம்பெனியின் ரேஸ் பிரிவை நடத்தியவர். கையில் பணம் கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. சாதாரணமாகச் சுவாசிக்கும் (டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத) எஞ்சின் எதுவும் அதற்கு முன் அந்த அளவைத் தொட்டதில்லை. அதே வருடம் அவருடைய முதன்மை ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் கிராண்ட் பிரீயின்போது அங்கிருந்தே மேற்குப் பக்கம் தப்பி, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகிக்காக 50 சிசி உலகப் பட்டம் வென்றார். ஜப்பான் டூ ஸ்ட்ரோக்குகளின் பாய்ச்சலில் காடனின் பங்கு பெரியது. அவர் பெயர் நம் ஆர்எக்ஸ், ஆர்டி ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் அது, இருங்காட்டுக்கோட்டை டிராக் எல்லாம் பின்னால் வந்தது. அங்கே சேம்பர் போட்ட வண்டிகள் நேர்ப்பாதையில் கத்திக்கொண்டு போகும். திரும்புகிற இடத்தில் ஆர்பிஎம் விழுந்துவிட்டால் அதே வண்டி மூச்சுத் திணறும். கிளச்சைப் பாதி பிடித்து எஞ்சினை உயிரோடு வைத்திருப்பார்கள். அதை உக்கடம் சிக்னலில் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு என்ன தலையெழுத்து?

இன்னொன்று. ஜப்பான் ஆர்டி 350பியில் முன்னால் டிஸ்க் பிரேக். நமக்கு ராஜ்தூத் செய்த எஸ்கார்ட்ஸ் கம்பெனி கொடுத்தது டிரம். பவரைக் கூட்டுவதற்கு முன் அதைக் கவனியுங்கள்.

கிக்ஸ்டார்ட்

ஐயா, பயமுறுத்தாதீர்கள். எல்லாச் சேம்பரும் ரேஸ் சேம்பர் இல்லையே! ரோட்டுக்கு என்றே செய்ததும் இருக்கிறது.

அலைநீளம்

கிக்ஸ்டார்ட் சொல்வது சரி. நீளம் வட்டத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்றால், கூம்புகளின் சாய்வு அதன் அகலத்தைத் தீர்மானிக்கிறது. பின்கூம்பு செங்குத்தாக, குட்டையாக இருந்தால் திரும்பும் அலை வலுவாக, குறுகலாக வரும். ஒரே இடத்தில் வெடித்து, சட்டென்று அடங்கிவிடும். பின்கூம்பு நீளமாகச் சாய்ந்திருந்தால் உச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் இழுப்பு பரவலாக இருக்கும். ரோட்டுக்கு இரண்டாவதுதான்.

கடைசியில் வரும் ஒல்லி வால்குழாயை யாரும் மதிப்பதில்லை, ஆனால் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். அதன் உள்விட்டம் பெண்ட் பைப் விட்டத்தில் 0.58 முதல் 0.62 பங்கு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 38 மி.மீ. பெண்ட் என்றால் வால் 22 முதல் 23.5 மி.மீ. இதைவிடச் சிறுத்தால் உள்ளே அழுத்தமும் சூடும் தேங்கி பிஸ்டன் தலை உருகும். பெருத்தால் பவர் போகும். கைவேலைக்காரரிடம் இந்த ஓர் அளவைக் கேளுங்கள். உடனே பதில் வந்தால் அவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

ஸ்கார்பரோ ஆர்இசட்

கனடாவிலிருந்து எழுதுகிறேன், என்னிடம் ஆர்இசட் 350. வெளிநாட்டுக் குழாய் பற்றி ஓர் எச்சரிக்கை.

இணையத்தில் "ஆர்டி 350 சேம்பர்" என்று தேடினால் மூன்று வெவ்வேறு வண்டிகளின் குழாய்கள் ஒரே பெயரில் வந்து நிற்கும். 1973 முதல் 75 வரை வந்த காற்றுக் குளிர்ப்பு ஆர்டி 350, 1980இல் வந்த தண்ணீர்க் குளிர்ப்பு எல்சி, 1983இல் வந்த ஒய்பிவிஎஸ் (என் ஆர்இசட் இந்த வகை). ராஜ்தூத் முதல் வகையைச் சேர்ந்தது. மற்ற இரண்டின் குழாய் அதில் மாட்டாது. ஃப்ரேமே வேறு, பின்பக்கம் மோனோஷாக், குழாய் போகும் வழியே மாறுகிறது.

எப்படியோ வெட்டி ஒட்டி மாட்டினாலும் கணக்கு பொருந்தாது. ஒய்பிவிஎஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பில் ஓர் உருளை வால்வு இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் போர்ட் உயரத்தைக் குறைக்கும், ஆர்பிஎம் ஏறினால் உயர்த்தும். அதனால் கொஞ்சம் கூர்மையான குழாய் போட்டாலும் கீழே இழுப்பு முழுசாகச் சாகாது. என் வண்டிக்கு டூமி கம்பெனிச் சேம்பர் பிரமாதம் என்று நான் சொல்வேன், அதே பேச்சை நம்பி ராஜ்தூத்துக்கு வாங்கிவிடாதீர்கள்.

எழுபதுகளின் டிஜி, பசானி மாதிரிக் கம்பெனிகளின் பழைய ஜோடிகள் ஏலத்தில் வரும். வாங்குவதானால் உள்பக்கத் துரு, பெண்டில் பற்றுப்போட்ட இடம், இரண்டும் ஒரே ஜோடிதானா என்று படம் கேட்டுப் பாருங்கள்.

லேத்துப்பட்டறை

உள்ளூர்ச் சேம்பர், ரெப்ளிகா (ஸ்டாக் மாதிரி செய்த) சைலன்சர் இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

ரெப்ளிகாவில் வெளியே குரோம் பளபளக்கும், கண்ணாடி மாதிரி முகம் தெரியும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் பழைய சைலன்சரைத்தான் தூக்கிப் போடப்போகிறீர்களே, அதை நீளவாக்கில் அறுத்து உள்ளே இருப்பதை அளந்துகொள்ளுங்கள். புதுசில் உள்குழாய் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒரு கம்பியை விட்டுப் பார்த்தாலே தெரியும். வெளிவடிவத்தை மட்டும் காப்பி அடித்து, உள்ளே ஏதோ ஒரு ஓட்டைக் குழாயைச் செருகி விற்பதும் நடக்கிறது.

கைவேலைச் சேம்பரில் தகடு முக்கியம். 20 கேஜ் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை குறைவு, ஆனால் வெண்கலக் கிண்ணம் மாதிரி ஒலிக்கும், வெல்டு ஓரத்தில் சீக்கிரம் விரிசல் விடும். ரோட்டு வண்டிக்கு அதைவிடத் தடிமனான 18 கேஜ் போடச் சொல்லுங்கள். எடை கூடினாலும் சத்தம் அடங்கும். ஆர்கான் வெல்டிங் என்றால் நல்லது. உள்ளே வெல்டு துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

பெண்ட் பைப்பும் சேம்பரும் சேரும் இடம் இறுகலாக வெல்டு ஆகக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி, வெளியே ஸ்பிரிங் பிடித்திருக்க வேண்டும். பின் மவுண்டில் ரப்பர் புஷ். இரண்டும் இல்லாமல் கெட்டியாக முடுக்கினால் அந்த அதிர்வுக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, மவுண்ட் தெறித்துவிடும்.

நம்மூர் வேகத்தடையை யாரும் யோசிப்பதில்லை. ஆர்டி சேம்பரின் வயிறு எஞ்சினுக்கு அடியில் தொங்கும். சென்டர் ஸ்டாண்டைப் பெரும்பாலும் கழற்ற வேண்டி வரும். வலது பக்கம் கிக்கர் முழுசாகச் சுழல்கிறதா, பிரேக் பெடல் இடிக்கிறதா, ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கியபோது தரைக்கு எவ்வளவு இடம் என்று வண்டியிலேயே வைத்துப் பார்த்துத்தான் பாயின்ட் வெல்டு வைக்க வேண்டும். வண்டியைக் கொண்டுவராமல் வெறும் அளவை மட்டும் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

சட்டப்புத்தகம்

யாரும் பேசாத விஷயத்தை நான் பேசிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ(4) பிரிவு வந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. 190(2) பிரிவில் சத்தம், புகை விதிமீறலுக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு முடக்கம். நடைமுறையில் செய்தித்தாளில் பார்ப்பது பிடுங்கிய சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்கள்.

அதனால் ரோட்டில் ஓட்டுவதற்கு ஸ்டாக் அல்லது ஸ்டாக் போன்றதுதான் பாதுகாப்பு. ஆர்.சி. புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ் போகும்போதும் அதுதான் மாட்டியிருக்க வேண்டும். சேம்பர் ஆசையைத் தீர்த்துக்கொள்ளச் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறதே, கோவைக்காரருக்குப் பக்கம்தானே.

கிக்ஸ்டார்ட்

வந்துவிட்டார் வக்கீல். சத்தம்தான் சார் டூ ஸ்ட்ரோக்கின் உயிரே. அதையும் அடக்கிவிட்டால் என்ன மிச்சம்?

சோழவரம் பழசு

தம்பி, வால்குழாய்க்குப் பின்னால் பஞ்சு அடைத்த ஒரு நல்ல சைலன்சர் டப்பா போட்டால் சேம்பரின் வேலை கெடாது. அலைகள் திரும்புவது கூம்புகளில், டப்பாவில் இல்லை. ரேஸ் வண்டிகளே அப்படித்தான் ஓடுகின்றன. வெறும் வாலைத் திறந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் முறுக்குகிறவர்களால்தான் எங்களைப் போன்றவர்களின் வண்டியையும் நிறுத்திப் பார்க்கிறார்கள்.

கோவை ஹெச்டி

எல்லோருக்கும் நன்றி. லேத்துப்பட்டறை அண்ணன் கேட்டதைச் செய்து பார்த்தோம். காற்று நிற்கவில்லை. இடது சீலில் சோப்புத் தண்ணீர் விட்டதும் நுரை தள்ளியது. சீல் இரண்டையும் மாற்றுகிறோம்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் பிளாக்கில். டிகிரி டிஸ்க் (பாகை குறித்த தட்டு) மாட்டி எக்ஸாஸ்ட் திறப்பை அளந்தோம். வலதைவிட இடது மூன்று பாகை முன்னால் திறக்கிறது. கழற்றிப் பார்த்தால் இடது போர்ட்டின் மேல்விளிம்பை யாரோ ராவியிருக்கிறார்கள், வலதைத் தொடவே இல்லை. ராவிய விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக வேறு இருக்கிறது. இனி இதற்கு எந்தக் குழாய்?

லேத்துப்பட்டறை

இதற்குத்தான் பிளாக்கைக் கழற்றச் சொன்னேன். இந்த நிலையில் ஒரே மாதிரி இரண்டு சேம்பர் போட்டாலும் இரண்டு சிலிண்டரும் வெவ்வேறு ஆர்பிஎம்மில் எழுந்திருக்கும். ஓட்டுகிறவருக்குக் கார்புரேட்டர் சின்க் சரியில்லாத மாதிரி தோன்றும், ஸ்க்ரூவைத் திருகித் திருகியே காலம் போகும்.

கூர்விளிம்பு அதைவிட ஆபத்து. பிஸ்டன் ரிங் போர்ட்டைத் தாண்டும்போது கொஞ்சம் வெளியே பிதுங்கும். விளிம்பை மழுக்கி விடவில்லை என்றால் ஒருநாள் ரிங் மாட்டி உடையும்.

இரண்டு வழி. இன்னொரு இடது பிளாக் தேடி ஸ்டாக் உயரத்துக்குத் திரும்புவது, அப்படியானால் ரெப்ளிகா சைலன்சரே போதும். இல்லையென்றால் வலதையும் இடதின் உயரத்துக்கு ராவி, இரண்டையும் மழுக்கி, அதற்குத் தகுந்த சேம்பர் போடுவது. உயர்த்திய போர்ட்டுக்கு ஸ்டாக் சைலன்சர் போட்டால் கீழேயும் இழுக்காது, மேலேயும் இழுக்காது.

சோழவரம் பழசு

என் ஓட்டு முதல் வழிக்கு. நல்ல ஆர்டி பிளாக் வருடத்துக்கு வருடம் அரிதாகிறது. இருப்பதை மேலும் ராவாதீர்கள். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அலைநீளம்

தத்துவமாக ஐயா சொல்வது சரி. ஆனால் மூன்று பாகை என்பது பெரிய உயர்வு இல்லை, ரோட்டு வண்டிக்கு அது அடங்கும். இடது பிளாக் கிடைக்கும்வரை வண்டி மூலையில் நிற்கப்போகிறது என்றால் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். உச்சத்தை 7,500 பக்கம் வைத்து நீளம் போடுங்கள். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள், அந்த டிரம் பிரேக்கை மறந்துவிட வேண்டாம்.

கோவை ஹெச்டி

தெரிந்த ஸ்பேர்ஸ் கடைகளில் எல்லாம் கேட்டாயிற்று, இடது பிளாக் கைக்கு வரவில்லை. எனவே வலதையும் சமமாக்கி, உள்ளூர்ச் சேம்பர், 18 கேஜ், பின்னால் சைலன்சர் டப்பா. சட்டப்புத்தகம் சாருக்காக ஸ்டாக் மாதிரி ஒரு ஜோடியும் எடுத்து வைக்கிறேன், பவர் குறைந்தாலும் பரவாயில்லை. கிக்ஸ்டார்ட் தம்பி, சந்தோஷமா?

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) விஷயத்தில் என்ன செய்வது? ஊட்டிக்கும் போவேன்.

கிக்ஸ்டார்ட்

சந்தோஷம் அண்ணா! வீடியோ போட மறக்காதீர்கள்.

லேத்துப்பட்டறை

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிக் குட்டி ஃபில்டர் மாட்டாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

மெயின் ஜெட்டை ஸ்டாக்கைவிட நான்கு சைஸ் பெரிதாக வைத்துத் தொடங்குங்கள். மேலே தடுமாறும், பரவாயில்லை. ஒவ்வொரு சைஸாக இறக்கி வாருங்கள். ஒவ்வொரு முறையும் வெறிச்சோடிய ரோட்டில் முழுத் திராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளச் பிடித்து எஞ்சினை அணைத்து, உருண்டு நின்று பிளக்கைப் பாருங்கள். ஐடிலில் வீடு வரை ஓட்டிவந்து பார்த்தால் அந்த நிறம் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆர்டிக்கு என்ஜிகேயில் பி8எச்எஸ் பிளக், சேம்பரோடு நீண்ட தூரம் விரட்டினால் ஒரு படி குளிர்ந்த பி9எச்எஸ். இக்னிஷன் டைமிங் ஸ்டாக்கில் பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன்னால், நீங்கள் 1.8க்கு வையுங்கள்.

இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரணப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 அளவில்தான். அதே ஜெட்டில் கலவை தானாகவே மெலிந்துவிடும். நண்பர் ஒருவர் பத்து வருடம் முன்பு போட்ட ஜெட் நம்பரை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்று லேசு, கலவை கெட்டியாகும், வண்டி சோம்பும். அங்கே பொறுக்காமல் ஜெட்டைக் குறைத்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் சீஸ்தான், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கோவையில் செட் செய்ததோடு ஏறுங்கள், சோம்பினால் சோம்பட்டும். இறங்கும்போது இன்னொன்று: ஆட்டோலூப் ஆயில் பம்ப் திராட்டிலோடு இணைந்தது. திராட்டிலை மூடி, கியரிலேயே எஞ்சினை அலறவிட்டுக் கல்லாறு வரை இறங்கினால் உள்ளே அந்த வேகத்துக்குப் போதுமான எண்ணெய் போகாது. நடுநடுவே கிளச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள்.

பிளாக் இரண்டும் ராவி முடித்ததும் முதலில் மறுபடி டிஸ்க் மாட்டி அளந்து எண்ணை இங்கே போடுங்கள். அலைநீளம் சார் நீளம் சொன்ன பிறகு தகடு வெட்டட்டும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் புதுசு போடுங்கள், முதல் சூட்டுக்குப் பிறகு நட்டை இன்னொரு தடவை முடுக்குங்கள்.